மாத்திரை கரைந்த பிறகே தீர்த்தம்

என் கணவர் இலஞ்சியில் லாரிக்குத் தேங்காய் ஏற்றுபவர். இடுப்பு வலிக்கு வாங்கிய மாத்திரைக்கே நாளடைவில் அடிமையாகிவிட்டார். முருகன் புண்ணியத்தில் தென்காசி டாக்டர் ஒருவர், அந்தப் பழக்கத்திலிருந்து மீள, தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் நன்றாக இருந்தார்.

கந்த சஷ்டி விரதம் தொடங்கியதும், காலையில் பூஜை முடித்த கையோடு அவருக்குத் தீர்த்தம் கொடுத்தேன். வாயில் மாத்திரை இருக்கும். சாமி தீர்த்தமாயிற்றே என்று அதோடு சேர்த்து விழுங்கிவிடுவார். நாலாம் நாள் ஒரே வியர்வை, கொட்டாவி, கால் குடைச்சல். அந்த வலி மாத்திரை கிடைக்காத நாட்களில் முன்பும் இப்படித்தான் இருப்பார்; அதைப் பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக் கத்தினேன்.

"முருகன் முன்னால பொய் சொல்லாதீங்க. எங்க வாங்குதீங்க?"

"ஏட்டி, சத்தியமா தொடல. ஆனா இப்படியே இருந்தா இன்னைக்குத் தொட்டிருவேன். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்று அழுதார்.

மாத்திரையை எப்படி எடுக்கிறார் என்று டாக்டர் விசாரித்தபோது தீர்த்தத்தைச் சொன்னேன்.

"விழுங்குனா இது சரியா வேலை செய்யாதும்மா. நாக்குக்கு அடியிலேயே கரையணும். உங்க முருகன் பத்து நிமிஷம் பொறுக்க மாட்டாரா?" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சில நாளில் தெளிந்துவிட்டார். இப்போது அவர் வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் தீர்த்தம் கொடுக்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் சந்தேகப்படாமல் டாக்டரைக் கேட்கிறேன். பொய் சொல்லுகிறார் என்றேனே, அதற்கு முருகனிடம் கேட்பதற்கு முன் அவரிடம்தான் மன்னிப்புக் கேட்டேன்.