அக்காவின் ரயிலும் கடல்பக்க யன்னலும்

எங்கள் அக்கா கற்பிட்டிக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே பிறந்தவர். இரண்டு பக்கமும் உப்புக்காற்று. எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட நெடுநாள் ஆணியாக இருந்ததில்லை.

அப்பா படுத்த படுக்கையானபின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அக்காதான். இத்தாலியில் ஒரு வயோதிபரைப் பராமரித்தார். மற்றவர்கள் நகையும் டீவியும் கொண்டுவர, அக்கா கொண்டுவந்தது அந்தப் பெரியவர் கொடுத்த விளையாட்டு ரயிலை. கோச்சி வராத ஊருக்கு ஒரு கோச்சி என்று, தங்கை நான் கேலி செய்தேன். அக்கா சிரித்துக்கொண்டே மேசை நிறையத் தண்டவாளம் பூட்டினார்.

எங்கள் காற்று அதைச் சும்மா விடுமா? தண்டவாளம் கறுத்தது. ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போகவேண்டும். கறுத்தால் திக்கித் திக்கி நின்றுவிடும்.

"புளி போட்டுத் தேய்ப்பமா அக்கா?"

"இது கோயில் பித்தளை மெழுகுதிரித் தண்டு இல்லடி!"

பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பார். சான்ட் பேப்பரைத் தொடவே விடமாட்டார். கீறல் விழுந்தால் அதற்குள் அழுக்குக் குடியேறிவிடுமாம்.

பிறகு அக்காவின் கணவரை, எங்கள் அத்தானை, பாரிசவாதம் தாக்கியது. வலை இழுத்த வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. பயிற்சிக்கென்று புத்தளம் ஆஸ்பத்திரியில் கொடுத்த றப்பர் பந்தை, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று மூலையில் எறிந்தார். அவர் மனமும் அந்தக் கையைப் போல ஆகிவிடுமோ என்று பயந்தோம். அக்கா வாதாடவில்லை. அழிறப்பரை அந்தக் கைக்குள் வைத்து, "இஞ்ச பாருங்க, எனக்குத் தோள் நோகுது. இந்த வளைவை மட்டும் தேய்ச்சுத் தாங்க" என்றார். அத்தான் முணுமுணுத்தபடி, வலது கையை இடது கையால் தள்ளித் தள்ளித் தேய்த்தார். நாளடைவில் அது அவருடைய வேலையாகிவிட்டது.

ஒரு மத்தியானம் அத்தான் கண்ணயர்ந்திருந்தார். அக்கா தண்டவாளத்தை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு, கடல்பக்க யன்னலைத் திறந்தார்.

"என்னக்கா, விசரா? எல்லாம் கறுக்கப் போகுது!"

"மெல்லக் கதை. கறுக்கத்தான் வேணும். கறுக்காட்டி அவர் எதைத் தேய்க்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒருவர் அன்பு செலுத்தமுடியுமா என்று இன்றும் வியக்கிறேன். அத்தான், இதை உங்களுக்கு அக்காவின் இந்த நினைவு மலரில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். கோபிக்காதீர்கள்.

அக்காவுக்கு ஒரு காலையில் நெஞ்சு நோ வந்தது. யாருக்கும் சிரமம் கொடாமலே இறைவனடி சேர்ந்தார். அவரில்லாத வீடு எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், சேமக்காலைவரை பெட்டியைச் சுமந்த மீனவச் சகோதரர்களுக்கும், தில்லையடியிலிருந்து சாப்பாடு சமைத்து அனுப்பிய அக்காவின் தோழிகளுக்கும், அழவும் சிரிக்கவும் கூட இருந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. குடும்பத்தின் சார்பில் இதன் கீழே கையொப்பமிட்டிருப்பவர் அத்தான். எழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் போட்டார்.