தூண்களில் நான் அழித்த வரிகள்

ஜப்பான்காரன் வந்ததும் ஊரின் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டான். அதனால் இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில், எட்டரை மணிக்கு மேல்தான் விடியும். இருட்டோடு இருட்டாக வேலை பார்க்கும் கந்தோருக்கு நடந்து, சந்தியில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு இடுப்பு வளைய வணங்கி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகே ஜன்னலில் வெளிச்சம் வரும். இதே சூரியனைச் சாவகச்சேரியில் என் மனைவி எப்போது பார்ப்பாள் என்று யோசிப்பேன். ஊரிலிருந்து ஒரு கடிதம் இல்லை, கப்பலும் இல்லை. எதிரே தெரியும் அக்கரைக்குப் போவதற்கே அவர்களுடைய அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தத் தெருக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே கடைகளின் மாடி முன்னால் நீண்டு, தூண்கள்மேல் நிற்கும். அதன் கீழே ஐந்தடி அகலத்தில் நடைபாதை. வெயிலுக்கும் மழைக்கும் எல்லாரும் அதற்குள்தான் நடப்பார்கள். குண்டு விழுந்த மார்கழியில் சனம் மலைப்பக்கமும் அக்கரைக்கும் சிதறி ஓடியபோது, அந்தத் தூண்களில் கரித்துண்டால் எழுதிவிட்டுப் போனது. ‘தங்கச்சி, நாங்க பாகான் டாலாம்ல இருக்கோம்.’ ‘மாமா சாகலை.’ பக்கத்திலேயே சீன எழுத்து, மலாய்க்காரரின் ஜாவி எழுத்து. பிறகு சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாடகை அறையை விட்டுப் போன அவர்களுடைய பெண்டாட்டிமார், போகுமிடத்தைத் தூணில் எழுதினார்கள். மத்தியானத்தில் ஒவ்வொரு தூணாக நின்று வாசிப்பது எனக்குப் பழக்கமாயிற்று. எனக்கென்று எவரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்தும் வாசித்தேன்.

நகரத் துப்புரவுப் பகுதியில் நான் கிராணி, எழுத்து வேலை. ஒருநாள் உத்தரவு வந்தது. பெரிய அதிகாரி வருகிறார், சூலியா தெருத் தூண்கள் அத்தனைக்கும் வெள்ளையடிக்க வேண்டும். இரண்டு கூலியாட்களும் சுண்ணாம்பு வாளியுமாகப் போய் நின்றேன். பாதித் தெரு முடிந்தபோது ஒரு பெண் ஓடிவந்து தூணை மறித்தாள். பெயர் பாக்கியம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் புருஷன் முனியாண்டியைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் கெப்பாலா பத்தாஸில் மரவள்ளி நட்டுப் பிழைக்கிறாள். அனுமதி கிடைக்கும்போதெல்லாம் அக்கரையிலிருந்து பெரிப் படகில் வந்து தன் வரியைப் பார்த்துவிட்டுப் போவாளாம்.

“கிராணி ஐயா, இது ஒண்ண மட்டும் விட்டுடுங்க லா. அவரு வந்தா நேரா இங்கதான் வருவாரு. நான் இருக்கிற எடம் அவருக்கு வேற எப்படித் தெரியும்?”

“நான் விட்டாலும் அவங்கள் விடமாட்டாங்கள்” என்றேன். ஆனாலும் அந்த வரியைச் சுற்றிப் பூசச் சொன்னேன்.

பின்னேரம் வந்த அதிகாரி அந்தத் தூணருகே நின்று, “தாரே?” என்றான். எனக்கு ஜப்பான் பாஷையில் பத்துச் சொல் தெரியும். ‘யார்’ என்றால், இந்த வேலைக்கு யார் பொறுப்பு என்றுதானே? நிமிர்ந்து நின்று “வத்தாஷி” என்றேன். நான்தான். கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. யார் எழுதியது என்று அவன் கேட்டிருக்கிறான். பிறகு தூரிகையை என் கையில் திணித்தான். நானே அழித்தேன். எதிர்ப்புறத்தில் பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவன் போனதும் அவளிடம் சொன்னேன்: “நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் இந்தத் தூணடியில வந்து நிப்பன். அவர் வந்தால் நானே சொல்லுறன்.”

“நெசமாவா ஐயா?”

“ஓம்.”

சொன்னபடி நின்றேன். பல மாதங்கள் கழித்து, எலும்பும் தோலுமாக ஒருவர் வந்தார். காலில் புண், அதைச் சுற்றிச் சாக்குத் துணி. வெள்ளைத் தூணை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“முனியாண்டியா?” என்று ஓடினேன்.

“இல்லண்ணே, நான் சன்னாசி. சயாம்லேருந்து தப்பிச்சு வந்தேன். என் பொண்டாட்டி மீனாட்சி இங்க எழுதி வெச்சிருக்கும்னு சொன்னாங்க. நீங்க பாத்தீங்களாண்ணே?”

பார்த்திருந்தேன். மீனாட்சி என்ற பெயர் நினைவிருந்தது, கோணலான ‘மீ’யும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு இருந்த ஊர் எது? பிறையா, பாகான் டாலாமா? பாக்கியத்தின் ஒரு வரியைக் காப்பாற்ற நினைத்த நான், மற்ற வரிகளை ஒன்றும் யோசிக்காமல் பூசியிருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிறை எண்டுதான் நினைக்கிறன்” என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நொண்டியபடியே படகுத்துறைப் பக்கம் போனார். நான் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சண்டை முடிந்துவிட்டது. முனியாண்டி வரவில்லை. பாக்கியம் தன் வரியைத் தூணில் மறுபடி எழுதிவிட்டாள், இப்போது அவளுக்கு நான் தேவையில்லை. மனைவியின் கடிதமும் வந்துவிட்டது. எந்தக் கப்பலில் வருகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் கப்பலில் இடம் கேட்டுப் பெயர் கொடுக்கிறார்கள். இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்தார் பலர் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் நாளை, நாளை என்று தள்ளுகிறேன். மீனாட்சி கிடைக்கவில்லை என்று சன்னாசி திரும்பி வந்தால், அவர் என்னைத் தேடுவது இந்தத் தூணடியில்தான்.

இன்று மத்தியானமும் அங்கே நின்றேன். ஊருக்குப் போகும் கப்பல் சங்கு ஊதியது. அதே நேரம் அக்கரைப் பெரியில் வந்த சனம் தெருவுக்குள் நுழைந்தது. கப்பலைப் பார்க்கத் திரும்பினால் நடந்து வருகிறவர்களின் முகம் தவறிவிடும். முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். காது மட்டும் கடல் பக்கம் இருந்தது.