ஒரு தொட்டிக்கு யார் யார்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஊரையே மேலேயும் கீழேயும் அனுப்பியவர், வீட்டில் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார். பேச்சும் அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவரிடமிருந்து அரை வார்த்தை வரும், அதுவும் மீனைப் பற்றியதாக இருக்கும். எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பேரே தொட்டிக்காரர்.

பின்னறையில் ஐந்து தொட்டி, ஹாலில் ஒன்று. பின்னறையை என் அப்பாவுக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக இருந்த அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. "சரி, ஒரு தொட்டி போதும்" என்றார் இவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது மறுநாள் காலைவரைதான் இருந்தது.

காலையில் சாப்பாட்டு மேஜை முழுக்கத் துண்டுக் காகிதம். ஒவ்வொன்றிலும் ஒரு மீன் பேர். இதை அதோடு சேர்த்துப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், பிரிக்கிறார். தட்டை வைக்க இடமில்லாமல் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"ஏங்க, எல்லாத்தையும் ஒண்ணா விட்டுட்டா என்ன?"

"கோல்ட் ஃபிஷ்ஷுக்குக் குளுந்த தண்ணி வேணும்."

"அப்ப அத யாருக்காவது குடுங்க. மத்தது?"

"ஏஞ்சல் கூட டைகர் பார்ப் போட்டா துடுப்பக் கடிக்கும். கப்பி போட்டா அது போடுற குட்டிய ஏஞ்சல் தின்னுடும். ப்ளவர்ஹார்ன் எதையும் விட்டு வெக்காது."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரே மூச்சில் அவர் பேசியதில் அதுதான் அதிகம். எங்கள் கல்யாணத்துக்கே யாரும் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. நாங்களும் ஒரே தொட்டியில்தான் இருக்கிறோம், துடுப்பு போனது யாருக்கு என்று யாராவது கேட்டார்களா!

இப்படியே பதினோரு நாள். நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். நாளெல்லாம் மற்றவர்களுடைய காகிதத்தோடு மாரடித்துவிட்டு வந்தால் வீட்டிலும் காகிதம். அப்பாவின் கட்டிலுக்கு அளவெடுக்கவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடவில்லை. குட்டிக் கெளுத்தியும் மோலியும் ஒத்துப்போகுமா என்று மட்டும் ஆராய்ச்சி நடந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "மீனுக்கு மீன் ஒத்துப்போகுமான்னு இவ்வளவு பாக்கறீங்களே, மனுசனுக்கு மனுசன் பாத்தீங்களா?" அவர் மோலிக் காகிதத்தை இடதுபக்கம் நகர்த்தினார். எனக்குக் கை துறுதுறுத்தது.

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு மாதம் தங்குவதாக வந்தார். நாலே நாளில் பையைத் தூக்கிவிட்டார். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இவர் செய்தித்தாளோடு எதிரில் வந்து நிற்பார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் அங்கேயும் வந்து நிற்பார். அப்பா எழுந்துகொள்வார். கிளம்பும்போது என்னிடம், "எங்க உக்காந்தாலும் மாப்பிள்ளையோட எடமா இருக்கும்மா" என்றார். அன்றைக்கு இவரை நான் விளாசித் தள்ளினேன். "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லாததுதானே பிரச்சினை! இந்தத் தடவை அப்பா பையைத் தூக்கினால் போவதற்கு வீடு கிடையாது. ராத்தூக்கம் போனது எனக்கு, மீன்களுக்கு இல்லை.

கடைசியில் ஒரு வழியாகப் பட்டியல் முடிவானது. ஹாலில் ஏற்கெனவே நாலு வருஷமாக இருக்கும் பெரிய ஏஞ்சல், அதோடு ஆறு மோலி, தரையை மேய்ந்துகொண்டு கிடக்கும் குட்டிக் கெளுத்தி எட்டு. ப்ளவர்ஹார்னை அவருடன் வேலை செய்யும் எலக்ட்ரீசியன் வாங்கிக்கொண்டார். மற்றதெல்லாம் மீன் கடைக்குப் போனது. திரும்பி வந்து இவர் சாப்பிடவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மோலிகளை ஹால் தொட்டியில் விட்டார். காகிதத்தில் பொருத்தம் அமோகம். தண்ணீரில்? அந்த ஏஞ்சல் ஆறையும் விரட்டி விரட்டி ஃபில்டர் மூலைக்குத் தள்ளிவிட்டது. வியாழக்கிழமையும் அவை அங்கேயே ஒடுங்கிக் கிடந்தன. ஒரு பருக்கை இரையைக்கூடத் தொடவில்லை. இவர் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். என்னோடு அரைமணி பேசினதாக எனக்கு ஞாபகமே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று வாசல் நம்பரைத் திரும்பிப் பார்த்தேன். சோபா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. டிவி எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. சாப்பாட்டு மேஜை ஹாலுக்கு நடுவில். சமையலறையில் டம்ளர் இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி. நாளைக்கு அப்பா வருகிறார், இந்த மனிதர் வீட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்!

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் தொட்டியைக் காட்டினார். உள்ளேயும் கல், செடி எல்லாம் இடம் மாறியிருந்தன. மோலிகள் நடுத்தண்ணீரில் திரிந்தன. ஏஞ்சல் புதுக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது கெட்ட மீன் இல்ல" என்றார். "இந்தக் கல்லு என்னுது, அந்த மூல என்னுதுன்னு அதுக்கு நெனப்பு. அதான் வெரட்டுது. எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டா அதுவும் புதுசா வந்தது மாதிரிதான். வெரட்டத் தோணாதாம். கடக்காரர் சொன்னாரு."

"சரி. அதுக்கு வீட்ட எதுக்குக் கலைச்சீங்க?"

கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தார்.

"போன தடவ மாமாவ வெரட்டினது நான்தான?"

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு குளியலறையில் எட்டிப் பார்த்தேன். சுவரில் கம்பி போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பா வந்தார். கைத்தடியோடு ஹால் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்கம்மா உக்காரட்டும்?" என்று என்னைத்தான் கேட்டார்.

"தெரியல மாமா" என்றார் இவர். "எனக்கே இன்னும் எடம் பிடிபடல."

அப்பா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நடந்தார். கால் போன பழக்கம், நேராக அப்பா எதிரில் போய் நின்றுவிட்டார். அப்பா கைத்தடியை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க மாமா" என்று சொல்லிவிட்டு இவர் அங்கேயே, அப்பா காலடியில், தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். ஒரு தாளை உருவி மேலே நீட்டினார்.

அப்பா அதை வாங்கிக்கொண்டு மெல்ல முதுகைச் சாய்த்தார்.