சுவரோடு நின்ற நாற்பத்திரண்டு நாள்

என் கழுத்து முன்னுக்கு வந்துவிட்டதாம். எழுபத்து நான்கு வயதில் அதுவாவது முன்னுக்கு வரட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் இடது கை விரல்களில் மூன்று விறைத்துப் போவதால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. முப்பத்தாறு வருடம் குனிந்திருந்து பரீட்சைத் தாள் திருத்திய பலன் என்றார்கள். அங்கே பயிற்சி கொடுக்கிற பிள்ளைக்கு என் பேத்தியின் வயதிருக்கும். என்னைச் சுவரோடு நிறுத்தி, “நாடிய உள்ளுக்கு எடுங்க மாமா, ரெண்டு தோள்பட்டையும் பின்னால கிட்ட வரணும்” என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கியது. ஆறுக்குப் பிறகு எட்டு என்றது. ஏழு எங்கே என்று கேட்டேன். சிரித்தது. எண்ணிக்கையில் கவனமில்லாதவர்களிடம் உடம்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தப் பயிற்சி புதிதல்ல. ஒன்பது வயதில் இதை எண்ணிக் கொடுத்தவன் நான்.

அப்போது என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு, பதினெட்டு வயது. எங்கள் வீட்டில் எல்லோரையும் விட அவள் உயரம், வாப்பாவை விடவும் இரண்டு விரல் கூட. பெரிய பிள்ளையான நாளிலிருந்து அவளை நிமிர விட்டதில்லை. “தலையப் போடு புள்ள” என்பது உம்மாவின் வாயில் பிஸ்மிக்கு அடுத்தபடியாக வரும் வார்த்தை. தைக்கப் பழகுவதற்காகச் சாச்சி வீட்டுக்கு அவள் போகும்போது துணைக்குப் போவது என் வேலை. தெருவில் ராத்தா முகத்தை உயர்த்தினால் “ராத்தா, தலை” என்று நான் சொல்ல வேண்டும். சாச்சி வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. ஒருநாள் போக வர பதினேழு தடவை சொன்னேன். அதை வந்து உம்மாவிடம் சொன்னபோது எனக்கு இனிப்பாக ஒரு துண்டு தொதல் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் தலையைத் தூக்காவிட்டாலும் இரண்டொரு தடவை சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து வருடத்தில் அவள் கழுத்து, சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டது. தோள்கள் இரண்டும் முன்னால் மடிந்தன.

சவளக்கடைப் பக்கம் வயல் வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து பெண் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ராத்தாவின் கூந்தலை அவிழ்த்துப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் உம்மாவிடம், “புள்ள வடிவுதான். கழுத்துத்தான் கொக்கு மீன் பாக்கிற மாதிரி முன்னுக்கு நிக்கிது. கூனா?” என்று கேட்டார். ஒன்றரை மாதம் கழித்து இன்னொருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்த என் மாமா, உம்மாவின் தம்பி, அந்த வாரம் லீவில் வந்திருந்தார். ராத்தாவின் முதுகை முக்காட்டுக்கு மேலாலேயே தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலும்பில பிழையில்ல. நெஞ்சுப் பக்கத்துச் சதை இறுகிப் போச்சு, முதுகுப் பக்கம் தொய்ஞ்சு போச்சு. பாய்மரத்தை முன்கயித்தால மட்டும் இழுத்துக் கட்டினா எப்பிடி நிக்கும்? அதான்.”

“எண்ணெய் போட்டு உருவினா வராதா?” என்று உம்மா கேட்டார்.

“வராது. அவளாத்தான் இழுக்கணும்.”

எங்கள் வளவில் நேரான சுவர் ஒன்றுதான் இருந்தது. ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுக்க வாப்பா கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சுவர். எங்கள் பக்கத்தில் மூத்த மகளுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அந்த வெள்ளையடித்த சுவரில் குதிகாலும் இடுப்பும் தோளும் பின்தலையும் முட்ட அவள் நிற்க வேண்டும். நாடியை உள்ளே இழுத்து, தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கி, நான் பத்து எண்ணும்வரை அப்படியே இருக்க வேண்டும். அப்படிப் பத்து முறை. காலையில் ஒன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. நாற்பத்திரண்டு நாள். எட்டாயிரத்து நானூறு எண்ணினேன். சில நாட்களில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே நின்று காகம் பார்த்தேன்.

முதல் வாரம் பின்தலை சுவருக்குப் போகவேயில்லை. நடுவில் என் நான்கு விரல் நுழைந்தது. அவள் கண்ணில் நீர் ஓடியது. நான் எண்ணிக்கையை விடவில்லை. முடிந்ததும் உம்மா வந்து அவள் முதுகைப் பார்ப்பார். இரண்டு தோளிலும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் சரி, ஒரு தோளில் மட்டும் என்றால் மறுபடி. இருபதாம் நாள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெள்ளை இருந்தது.

முப்பதாம் நாள் பத்து எண்ணி முடித்த பிறகும் அவள் சுவரை விட்டு விலகவில்லை. கிடுகு வேலிக்கு மேலால் பார்த்தபடி, “கடல் தெரியிது மனே” என்றாள். கடல் எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன்.

நாற்பத்திரண்டாம் நாள் அவர்கள் வந்தார்கள், அதே ஐந்து பேர். ராத்தா தட்டத்தை ஏந்தி வந்தாள். கழுத்தில் ஒரு குறையுமில்லை. மாப்பிள்ளையின் தாய் சமையலைப் பற்றியும் ஓதலைப் பற்றியும் கேட்டார். ராத்தா அவர் முகத்தைப் பார்த்து “ஓம், தெரியும்” என்றாள். இரண்டு கேள்விக்கும் அப்படித்தான். குனிந்து தட்டத்தைப் பார்த்தது அந்தத் தாய்தான். இருபது பலகாரத்தில் பதினான்கைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் போனார்கள்.

மறுநாள் கல்யாணம் பேசுகிற மனிசி வந்தார். “கழுத்துச் சரியாம். பார்வைதான் கூடிப்போச்சாம். மாமியார இப்பிடி நேருக்கு நேர் பாக்கிற புள்ள மாப்பிள்ளைய எப்பிடிப் பாக்கும் எண்டு கேக்கிறாக.”

அவர் போனதும் உம்மா, “உன்ன ஆரு தலையத் தூக்கச் சொன்ன?” என்றார்.

“நீங்கதானே உம்மா” என்றாள் ராத்தா.

அடி விழுந்தது. வாப்பா முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி லீவில் வந்திருந்த மாமா, “நான் கழுத்துக்குத்தான் சொன்னன், கண்ணுக்குச் சொல்லல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததில் சொல்வதற்கு அதிகமில்லை. அந்தப் பேச்சு ஊரில் சுற்றியது, வேறு யாரும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டை ராத்தாவுக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சிக்குக் கொடுத்து அவளைக் கட்டிவைத்தார்கள். ராத்தா அதே வீட்டின் பின்னறையில் தங்கச்சியின் பிள்ளைகள் ஆறு பேரை வளர்த்தாள். முப்பது வயதுக்குள் கழுத்து பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஐம்பத்தொன்பதில் மௌத்தானாள். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள், பின்தலையைப் பலகையில் படியவைக்க முடியவில்லை என்று வெளியே வந்து கதைத்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அடி விழுந்த அன்றைய அஸர் நேரம். ராத்தா சுவரோடு போய் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“எண்ணு மனே.”

“அவங்கதான் இனி வரமாட்டாங்களே.”

“ஓம், வரமாட்டாங்க. நீ எண்ணு.”

கடற்கரையில் பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்துபோன வேலைக்கு எண்ணிக் கொடுக்க எனக்கு மனமில்லை. வேலிக் கடப்பைத் தாண்டித் தெருவில் இறங்கியபோது குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

“ஆரது செவரோட? ஆருக்குக் காட்ட நிமிந்து நிக்காய்?”

“தம்பி எண்ணுறான் உம்மா” என்றாள் ராத்தா.

நான் நின்றேன். அங்கே யாரும் எண்ணவில்லை. ராத்தா பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் போய் அதை உம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விளையாடப் போனேன்.