சம்பளத்துக்குத் தோற்பவர்

பொம்மைக்கடைக்குள் நுழைந்ததும் ஒரு வட்ட மேஜை முழங்காலில் இடிக்கும். அதைச் சுற்றிக் குட்டி குட்டி நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் முட்டி காதைத் தொடுகிற மாதிரி மடங்கி உட்கார்ந்திருப்பவர்தான் நம்மவர். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் ‘விளையாட்டு விளக்குநர்’ என்று போட்டிருக்கும். பில் போடும் பெண்கள் மட்டும் அவரைத் ‘தோல்வி சார்’ என்பார்கள். அதிலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, ‘சார்’ இருக்கிறதே.

தோற்பதுதான் அவருக்கு வேலை. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை வருகிற குழந்தைகளிடமெல்லாம் தோற்க வேண்டும். வேலைக்குச் சேர்த்த அன்றே முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“இதோ பாருய்யா, ஜெயிச்ச குழந்தை பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கும். தோத்த குழந்தை அழும். அழற குழந்தைய அப்பனும் ஆத்தாளும் வெறுங்கையோட தூக்கிட்டுப் போயிடுவாங்க. புரியுதா?”

நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்து கை நிறையச் சம்பளம் இல்லாவிட்டாலும் வாய் நிறைய ‘ஐயையோ’ உண்டு.

அவர் அதிகம் தோற்கும் விளையாட்டுக்கு ‘வாத்துக்குளம்’ என்று பெயர். ஆடுவது சுலபம். மர வில்லைகளை மேஜை நடுவில் பரப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு வில்லையிலும் வாத்துப் படம் இருக்கும், ஒரு வாத்திலிருந்து ஆறு வாத்து வரை. ஆட ஆறு பகடை. ஒவ்வொரு பகடையிலும் மூன்று பக்கம் வாத்து, மூன்று பக்கம் நரி. எல்லாவற்றையும் உருட்டி, விழுந்த வாத்துகளை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி உருட்டலாம். எப்போது வேண்டுமானாலும் ‘போதும்’ என்று நிறுத்திவிட்டு, ஒதுக்கியதில் எத்தனை வாத்தோ அத்தனை வாத்துள்ள வில்லையை எடுத்துக்கொள்ளலாம். அந்த வில்லை நடுவில் இல்லாவிட்டால் எதிராளியிடமிருந்து பிடுங்கலாம். பிடுங்குவதென்றால் குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஆசை மிஞ்சிப்போய், உருட்டியதெல்லாம் நரியாகவே விழுந்தால் ஒதுக்கிய வாத்தும் போச்சு, ஏற்கெனவே சேர்த்த வில்லையில் ஒன்றையும் திருப்பி நடுவில் வைக்க வேண்டும். நடு காலியானதும் யாரிடம் வாத்து அதிகமோ அவர் ஜெயித்தார்.

இதில் தோற்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஏனோதானோவென்று தோற்றால் குழந்தை கண்டுபிடித்துவிடும், கண்டுபிடித்தால் மானம் போய்விட்டதென்று அதற்கும் அழும். அதனால் நம்மவர் பேராசைக்காரராக நடிப்பார். ஐந்து வாத்து ஒதுக்கியாயிற்று, மிச்சம் ஒரே பகடை, நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டார். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு “ஆறு வாத்தும் எனக்குத்தான்!” என்று உருட்டுவார். சில நாள் எவ்வளவு பேராசைப்பட்டாலும் வாத்தாகவே விழுந்து மானத்தை வாங்கும். அன்றைக்கு முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

பகலெல்லாம் தோற்ற மனுஷனுக்குச் சாயங்காலம் ஒரு வெற்றியாவது வேண்டாமா? வீட்டில் அவரைத் தவிர இருப்பவர்கள் இரண்டே பேர். மனைவி பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். வரிசையில் நிற்கிறவர்களை அடக்கி அடக்கிப் பழகியவளை ஜெயிப்பது நடக்கிற காரியமா? மிச்சம் இருப்பது இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். மூலை நசுங்கியதால் விற்காமல் போன வாத்துக்குளம் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கிவந்து, தினமும் அவளோடு உட்கார்ந்து ஜெயித்தார். கொஞ்ச நாள் போனதும் அவளுக்கு ஆட்டம் பிடிபட்டு, எங்கே நிறுத்துவதென்று தெரிந்து, அவரைப் புரட்டி எடுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் நம்மவர் வாயில் ஒரு புது விதி பிறந்தது.

“எல்லாம் நரியா விழுந்தா, பெரியவங்க மட்டும் இன்னொரு தடவ உருட்டலாம் பாப்பா.”

“ஏன்ப்பா?”

“ரூல் அப்படி.”

மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. ரூல் எல்லாமே அப்பாவின் கடையில்தான் தயாராகின்றன என்பது அவள் எண்ணம். அவள் வகுப்பில் போய், எங்கப்பாவை அந்த விளையாட்டில் உலகத்திலேயே யாராலும் ஜெயிக்க முடியாது என்று சொல்லியும் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த அவளுடைய தோழி ஒருத்தி நம்மவரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. ஊரே தோல்வி சார் என்கிறது, ஒரே ஒரு ஜீவன் மட்டும் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கிறது, அதை எதற்குக் கெடுக்க வேண்டும்? அந்த ஒரு ஜீவனுக்காகத்தான் அவர் அந்தக் குட்டி நாற்காலியில் இத்தனை நாள் மடங்கிக் கிடந்தார்.

ஒரு சனிக்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மனைவிக்கு ஆஸ்பத்திரி உண்டு. “கடைக்கே கூட்டிட்டுப் போங்களேன். பொம்மைக்கடைதானே, சந்தோஷமா இருப்பா” என்று மனைவி சொன்னதும் நம்மவர் என்ன சாக்குச் சொல்லலாமென்று தேடினார். மகள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கடைக்குப் பின்பக்கம், பஞ்சு பொம்மைகளுக்கு நடுவில் அவளை உட்கார வைத்து, “இங்கேருந்து நகரக் கூடாது” என்றார். முன்பக்கம் வந்தால் முதலாளி காத்திருந்தார்.

“நர்சரி ஸ்கூல் நடத்தற மேடம் வர்றாங்கய்யா. பையனையும் கூட்டிட்டு வர்றாங்க. பையனுக்குப் பிடிச்சுப்போனா வகுப்புக்கு ஒரு பெட்டி எடுப்பாங்க. நீ தோக்கற தோல்வியில பையன் துள்ளிக் குதிக்கணும்.”

மேடம் வந்தார்கள். பையனும் வந்து உட்கார்ந்தான். நம்மவர் விளக்கம் சொல்லி முடித்துப் பகடையை எடுக்கும்போது தோளில் ஒரு சின்னக் கை விழுந்தது. பஞ்சு பொம்மைகள் யாரைக் கட்டிப்போட்டிருக்கின்றன?

“எங்கப்பாவ உன்னால ஜெயிக்கவே முடியாது” என்றாள் மகள், பையனைப் பார்த்து.

நம்மவர் கல்லாப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வருகிறது வரட்டும் என்று ஒழுங்காக ஆடினார். மூன்று வாத்தில் நிறுத்தினார், நான்கில் நிறுத்தினார், பையனிடமிருந்தே ஒரு வில்லையைப் பிடுங்கினார். தோளில் இருந்த கை பெருமையில் அழுத்தியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த நாற்காலியில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் பையனின் கீழுதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. கல்லாவிலிருந்து முதலாளி இருமினார். அந்த இருமலில் அடுத்த மாதச் சம்பளம் தெரிந்தது.

நம்மவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு உருட்டினார். அத்தனையும் நரி.

“ஐயையோ, போச்சே!” என்றார். பையன் கைகொட்டிச் சிரித்தான்.

“இரு இரு, சிரிக்காத! அப்பாவுக்கு இன்னொரு தடவ இருக்கு. பெரியவங்க ரூல்!” என்றாள் மகள்.

“கள்ளாட்டம்!” என்று கத்தினான் பையன்.

மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டி அட்டையை முன்னும் பின்னும் படித்தார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு விதி என்றால் உயிர்.

“அப்படி ஒண்ணும் போடலையே. நீங்கதானே விளக்குநர், நீங்க சொல்லுங்க. இருக்கா, இல்லையா?”

கடையே அவர் வாயைப் பார்த்தது. மகள் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் பார்த்தாள்.

“இல்ல மேடம். குழந்தை, அவளா ஏதோ சொல்றா” என்றார் நம்மவர்.

தோளிலிருந்த கை எடுக்கப்பட்டது. அதன் பிறகு அவர் தோற்பதற்கு எந்த நடிப்பும் தேவைப்படவில்லை. பையன் துள்ளிக் குதித்தான், மேடம் வகுப்புக்கு ஒரு பெட்டி எடுத்தார்கள், முதலாளி முதுகில் தட்டினார். “இன்னிக்குத்தான்யா நீ நிஜமாவே தோத்த மாதிரி இருந்துது” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தாள். பிறகு, “அப்ப அந்த ரூல்?” என்றாள்.

“அது நானா வச்சது.”

“எதுக்குப்பா?”

“உன்கிட்ட ஜெயிக்கத்தான்.” அசிங்கமாக இருந்தது அவருக்கு. அவசரமாக மீதியையும் சொன்னார். “ஆனா கடையில அப்பா வேணும்னேதான் தோக்கறேன் பாப்பா. எனக்கு வேலையே அதுதான். சத்தியமா.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க கிளாஸ்லயும் தோக்கறவங்க எல்லாரும் அப்படித்தான்பா சொல்வாங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எழுந்து ஜன்னலோரத்தை அவருக்கு விட்டாள். எப்போதும் அதற்காகச் சண்டை போடுகிறவள். அவர் போய் உட்கார்ந்துகொண்டார், வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் அவளேதான் பெட்டியை எடுத்துவந்து வில்லைகளைப் பரப்பினாள். நாலைந்து சுற்றிலேயே நம்மவர் பக்கம் காய்ந்து கிடந்தது, அவள் பக்கம் வாத்துகள் குவிந்திருந்தன. அப்புறம் அவள் ஐந்து வாத்து ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைப் பகடையைக் கையில் எடுத்தாள். உருட்டவில்லை. நரி மேலே வருகிற மாதிரி திருப்பி, மெல்லப் பாயில் வைத்தாள். “அச்சச்சோ” என்றாள். அடுத்தடுத்த சுற்றுகளிலும் அதையே செய்தாள். அவள் வில்லைகள் ஒவ்வொன்றாக நடுவுக்குப் போய், அங்கிருந்து அவர் பக்கம் வந்து சேர்ந்தன. படுமோசமான நடிப்பு. இந்தத் தொழிலில் ஊறியவரிடமா இதெல்லாம் எடுபடும்? ‘ஏய், ஒழுங்கா உருட்டு’ என்று சொல்லலாமென்று வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு தன் முறைக்குப் பகடைகளை அள்ளி உருட்டினார்.

“நீங்கதான்பா ஜெயிச்சீங்க!” என்று கைதட்டிவிட்டு மகள் அடுப்படிக்கு ஓடினாள்.

“என்னடி இது, ஜெயிக்கிற ஆட்டத்தப் போய் விட்டுட்டு வர்ற?” என்று மனைவி கேட்பது அவர் காதில் விழுந்தது. மகள் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னாள். ஆனால் அது சின்ன வீடு.

“சும்மா இரும்மா, கேட்டுடப் போவுது. பாவம், வெளியில அவருக்கு ஒருத்தரும் விட்டுக்கொடுக்கறதில்ல.”