ஒரே ஒரு தடவை கூப்பிட்ட குரல்

காலை 8.50. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, வடமதுரை போகும் டவுன் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் சீட்டு உண்டு. அதைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் என் மடியிலிருந்த சீப்பைப் பார்த்தார்.

"என்னம்மா, யாரையாச்சும் பாக்கப் போறியா?"

"ஒருத்தருக்கு நன்றி சொல்லப் போறேண்ணே."

"யாருக்கு?"

"தெரியலண்ணே."

"அது சரி. வடமதுரையில நெறையப் பேரு இருக்காங்க. யாருக்காச்சும் சொல்லிட்டு வா."

பின் சீட்டில் இருந்த அக்கா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது உண்மை.

கல்லூரியில் இங்கிலீஷ் மேடம் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார். நீங்கள் நன்றியோடு நினைக்கும் ஐந்து பேரைப் பற்றி எழுத வேண்டும். வகுப்பே பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டது: அம்மா, அப்பா, கடவுள், ஆசிரியர், நண்பர்கள். நான் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அந்த இடத்துக்குரியவர் யார் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் இந்தப் பயணம்.

நடந்தது இதுதான். சென்ற ஐப்பசியில், தாவரவியல் வகுப்போடு வடமதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குக் களைச்செடி சேகரிக்கப் போயிருந்தோம். மத்தியானம். ஏதோ ஒரு பூவைத் துரத்திக்கொண்டு ஆளுயர மக்காச்சோளத்துக்குள் நான் மட்டும் வெகுதூரம் போய்விட்டேன். பின்னால், தூரத்தில், ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத ஒரு குரல்.

"பவுனு!"

என் பெயர் பூங்கொடி. பவுனு என்பது வீட்டுப் பெயர். அதுவும் வீட்டில் ஒரே ஒருவர் கூப்பிட்ட பெயர். என் அப்பா. அவர் இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வளர்க்கும் ஒன்று உண்டு. தனியாகப் போகும்போது யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது, 'என்ன' என்று கேட்கவும் கூடாது. மனிதர்கள் மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஒரே தடவை கூப்பிட்டு நிறுத்துவது மனிதர்கள் இல்லை. நான் திரும்பவில்லை. அப்படியே நின்று, அடுத்த குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், என் செருப்பு நுனிக்கு ஒரு சாண் முன்னால் தரையே இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறு. அடியில் கறுப்பாகத் தண்ணீர்.

யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர.

காலை 9.45. வடமதுரை. ஷேர் ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், இருபது ரூபாய். எட்டுப் பேரோடு என் வாழைப்பழமும் நசுங்கியது. இருபுறமும் சோளம், செண்டுமல்லி, மறுபடி சோளம். வானம் மூட்டமாக இருந்தது, மழையில்லை, காற்றுமில்லை. அந்தக் கிராமத்துப் பால் சொசைட்டி வாசலில் இறங்கினேன். உள்ளே ஒருவர் கேன் கழுவிக்கொண்டிருந்தார். என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தும், வாயில் வந்தது வேறு.

"அண்ணே, இந்த ஊர்ல பவுனுன்னு யாராச்சும் இருக்காங்களா?"

"பவுனா? காலையில ஆறு லிட்டர் குடுத்துச்சே."

"பால் ஊத்துறவங்களா?"

"ஊத்துறது மரியபுஷ்பம் அக்கா. கறக்குறது பவுனுகிட்ட." என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மாடும்மா! பசு மாடு! நீ என்னா, ஆளுன்னு நெனச்சியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓராண்டாக நான் பொத்தி வைத்திருந்த ஒன்றை அவர் கேன் கழுவிய தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. தெரியாது என்று சொல்லிக்கொண்டாலும், கூப்பிட்டது அப்பா என்றுதான் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். நம்ப வேண்டிய காரணமும் இருந்தது.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். லோடு ஏற்றப் போகும் வழியில் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்துவார். இன்ஜினை அணைக்க மாட்டார். அந்தச் சத்தத்தைத் தாண்டி ஒரே ஒரு தடவை "பவுனு!" என்பார். நான் சாப்பாட்டுக் கேரியரோடு ஓட வேண்டும். அம்மா ஒவ்வொரு முறையும் திட்டுவாள்: "ஒத்தக் கொரல்ல கூப்பிடாதீங்கன்னு எம்புட்டுத் தடவ சொல்றது?" கேரள மழையில் நனைந்து தொண்டை கட்டியிருந்த நாட்களில்கூட அவர் அந்த ஒரு தடவையை விட்டதில்லை. கடைசி நாளில் நான் கட்டிலில் கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது. எழவில்லை. அம்மா கேட்டதற்கு, "ஒரு தடவதானே கூப்பிட்டாரு, நீதானே போகக் கூடாதுன்னு சொன்ன" என்றேன். அவரே வந்து கேரியரை எடுத்துக்கொண்டு, "ராணிக்கு ரொம்பத்தான்" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பாலக்காட்டில், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி நெஞ்சுவலியில் போய்விட்டார்.

காலை 11.30. சொசைட்டியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வழியில் ஓர் ஆளைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. ஓட்டு வீட்டு வாசலில் சிலுவை பதித்த கதவு. மரியபுஷ்பம் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல வாயைப் பொத்திச் சிரித்தார். சத்தமே வரவில்லை. பேசியபோதுதான் புரிந்தது, குரல் இல்லை, வெறும் காற்று.

"தையில தொண்டையில கட்டி எடுத்தாங்க. அதுலருந்து இம்புட்டுத்தான் வருது. கிட்ட வா. அன்னைக்கு மாடு அத்துக்கிட்டு சோளத்துக்குள்ள போயிருச்சு. நான்தான் கூப்ட்டேன். நீ நின்னதே எனக்குத் தெரியாது தாயி."

"ஒரே ஒரு தடவதான் கேட்டுச்சுக்கா."

"மனுசங்களத்தான் மூணு தடவ கூப்பிடணும். மாட்டுக்கு ஒரு சத்தம் போதும். கழுத்துல கெடந்தத வித்து வாங்குனது, அதான் பவுனு. நீ என்னடான்னா மாட்டுப் பேருல வந்து மாட்டிக்கிட்ட."

இந்த முறை நான் சிரித்தேன். பிறகு, "ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"நன்றியா? என்னா மேடையில பேசுற மாதிரி! சாப்டியா? உச்சிப் பொழுதுல வெறும் வயித்தோட இங்கிட்டு அலையக் கூடாது."

சோறு, கத்தரிக்காய் வெஞ்சனம். வீட்டில் வேறு ஆள் இல்லை. மகன் திருப்பூரில், அக்கம்பக்கத்தில் வீடும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மாட்டை இப்போது எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக் காட்டினார். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த செவலைப் பசு திரும்பிப் பார்த்தது. நசுங்கிய பழங்களை அதற்கே கொடுத்தேன். தோலோடு தின்றது. அதன் நெற்றியைத் தடவியபோது மனது லேசாகத்தான் இருந்தது. ஏதோ குறைந்து போன மாதிரியும் இருந்தது. எழுதுவதற்கு இரண்டு பெயர் கிடைத்துவிட்டது. அந்த முதல் வரியில் அப்பாவுக்குத்தான் இடமில்லை.

பிற்பகல் 12.40. கிளம்பினேன். அக்கா வழிவிட எனக்கு முன்னால் நடந்துபோய் வேலிப் படலைத் திறந்தார். மாடு மரத்தடியில். அந்தக் கிணறு இருக்கும் சோளக்காடு எனக்குப் பின்னால்.

"பவுனு!"

ஒரு தடவை.

தெளிவாகக் கேட்டது. சத்தமாக, ஆனால் கோபமில்லாமல். ஓடுகிற இன்ஜினைத் தாண்டி ஒருவருக்குக் கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிற குரல். அங்கே இன்ஜின் ஏதும் ஓடவில்லை. ஓர் இலை அசையவில்லை.

பசு மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கிணறு இருக்கும் பக்கம் தலையைத் தூக்கியது. அக்காவின் கை படலிலேயே நின்றுவிட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்காமல், அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்:

"திரும்பாத. நடந்துக்கிட்டே இரு."

நான் இரண்டாவது குரலுக்காகக் காத்திருக்கவில்லை.

திரும்பினேன்.

சோளம். அதற்கு மேல் மூட்டமான வானம். யாரும் இல்லை.

"என்னப்பா," என்றேன். "இந்தா வந்துட்டேன்."

பசு மறுபடி மெல்ல ஆரம்பித்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். படலைக் கடந்து வெளியே வந்த பிறகு என் கையைக் கெட்டியாகப் பிடித்து, சொசைட்டி வரை கூடவே நடந்து வந்தார். ஆட்டோவில் ஏறியதும், "அடுத்த தடவ காலையிலயே வா" என்று மட்டும் சொன்னார்.

மாலை 4.10. வீடு. எங்கள் தெருவில் ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; எல்லோரும் மூன்று தடவைக்கு மேலேதான். அந்த இரைச்சல் அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. அம்மாவிடம் மாட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். கிளம்பும்போது கேட்டதையும், திரும்பியதையும், பதில் சொன்னதையும் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் தெருமுனைப் பக்கமே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"தொண்ட கட்டியிருந்துச்சா?"

"இல்லம்மா," என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு."