லைனில் என் இடம்

சென்னைப் பக்கம் ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சல் மூட்டிய சொல் லைன். எதற்கெடுத்தாலும் லைன்தான். நான் வேலை செய்வது மூன்றாவது லைன். தங்கியிருப்பது மண்ணூரில் ஒரு லைன் வீடு. வரிசையாக அறைகள், கடைசியில் ஒரு குழாய். காலையில் அந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றால் அதுவும் லைன். கம்பெனி பஸ்ஸில் எவனாவது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டால், "ஒனக்கு லைன் போடுறான்டி" என்று அறைத் தோழிகள் ஆரம்பித்துவிடுவார்கள். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் லைன் என்றால் எனக்கு ஈபி கம்பிதான். அதில் கரண்ட் வரும், வராது, அவ்வளவுதான் கவலை.

அம்மாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தின நாளே லீவு கேட்டிருந்தேன். "லைன்ல ஆள் இல்லம்மா" என்று சூப்பர்வைசர் முடித்துவிட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அண்ணன் மட்டும் கூட இருந்தான். ஆபரேஷன் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். என் போனோ வெளியே லாக்கரில் கிடந்தது. உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

என் வேலை, பெல்ட்டில் முன்னால் வந்து நிற்கிற சர்க்யூட் போர்டில் நான்கு ஸ்க்ரூ முடுக்குவது. பாத்ரூம் போவதென்றால்கூட ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து ரிலீவர் பெண்ணைப் பக்கத்து லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். "டீ பிரேக் வரட்டும், லைன் நிக்கக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். முடிந்திருக்குமா, ஏதாவது ஆகியிருக்குமா என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது. போர்டுகள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அவசரத்துக்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நடுவில் நிற்பவள் நகர்ந்தால் இரண்டு பக்கத்துக்காரிகளும் அவள் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். இடப்பக்கம் மேல் ஸ்க்ரூ இரண்டு, வலப்பக்கம் கீழ் ஸ்க்ரூ இரண்டு. லைன் ஓடுகிறவரை சூப்பர்வைசர் கண்டுகொள்ளமாட்டார். ஆனால் தங்கள் வேலையோடு இதையும் சேர்த்து வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் வாய்விட்டுக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

இடப்பக்கம் நின்ற மண்ணூர் அக்காதான் பேசினார். "இன்னாமே, காலைலேர்ந்து தவிச்சிக்கினு கீற. போய்ப் பேசிட்டு வா."

"லேட்டாயிட்டா, அக்கா?"

"அத்த நாங்க பாத்துக்கிறோம்."

லாக்கருக்கு ஓடினேன். அண்ணன் பலமுறை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டால், அவன் வேறொரு லைனில் இருப்பதாக ஒரு பெண் குரல் குழைந்து சொன்னது. மறுபடியும் அதே குழைவு. அவள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

கடைசியில் அவனே கூப்பிட்டான். "எங்கட்டி போன? அம்மா முழிச்சிட்டா. டாக்டர் பயமில்லன்னு சொல்லிட்டாரு. கண்ணத் தொறந்ததும், மாட்டுக்குத் தண்ணி வச்சியான்னு கேக்கா."

"சரிண்ணே" என்றேன். போனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

என் இடத்தில் ஒரு போர்டுகூடத் தேங்கியிருக்கவில்லை. இருவரும் தலை நிமிராமல் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரை வாங்கக் கையை நீட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு எப்பிடி கீது?"

"முழிச்சிட்டா, அக்கா." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அக்கா டிரைவரைத் தரவில்லை. "போயி நல்லா அழுதுட்டு வா. இங்க அழுதா போர்டு மேல வுழும், பீஸ் ரிஜெக்ட் ஆயிடும். அதுவரைக்கும் ஆளுக்கு ரெண்டு போட்டுக்கினு இருக்கோம்."